ஞாயிறு ஒரு நாள் போதுமா? - முதல் வேலை, மலையேற்றம், நெடுந்தூர ஓட்டம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதிகாலை ஐந்து மணிக்குச் சாலையில் யார் நடக்கிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தால் பதில் எளிது. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொன்ன பெரியவர்கள், பால்காரர்கள், முதல் ஷிப்டுக்குப் போகும் மில் தொழிலாளர்கள். இன்று அவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. காலில் புதிய ஓட்டக் காலணி, கையில் தூரத்தையும் இதயத் துடிப்பையும் காட்டும் கடிகாரம். வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள், இளம்பெண்கள். மாரத்தான் ஓட வேண்டும், சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போக வேண்டும், மலை ஏற வேண்டும் என்பது இவர்களுடைய ஆசை.

நல்ல ஆசைதான். இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் 2022-ஆம் ஆண்டில் போதிய உடல் உழைப்பு இல்லாமல் இருந்தார்கள் என்று 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. ஆனாலும் பெற்றோர் பலர் முணுமுணுக்கிறார்கள். "இப்போதுதான் வேலைக்குப் போகிறான், அதற்குள் ஓட்டம் என்ன, மலை என்ன? ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருப்பதில்லை" என்று அன்பியக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு வருகிறது. பிள்ளைகளோ, "வாரத்தில் ஆறு நாளும் வேலை, எங்களுக்கு இருப்பது ஒரு நாள்" என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியுமா என்பதைத்தான் நாம் இங்கே சற்று விரிவாகப் பார்க்கிறோம்.

நெடுந்தூரம் நடப்பது நமக்குப் புதிதல்ல

உடலை வருத்தி நெடுந்தூரம் போவது நம் பகுதி மக்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் அல்ல. ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரையாகப் போகிறவர்கள் நம் பங்குகள் பலவற்றில் இருக்கிறார்கள். நம் இந்து சகோதரர்கள் இருக்கன்குடிக்கும் பழனிக்கும் நடக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறார்கள்.

இந்த யாத்திரைகளை உற்றுப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும். பலமுறை நடந்து பழகியவர்கள் முதல் நாள் வேகமாக நடப்பதே இல்லை. வெயில் ஏறுமுன் ஒரு பகுதி, வெயில் தாழ்ந்தபின் ஒரு பகுதி என்று நாளைப் பிரித்துக்கொள்வார்கள். பின்னால் ஒரு வண்டி வரும். காலில் கொப்புளம் வந்தவரை அதில் ஏற்றிவிடுவார்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் பாடம் இதிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

இன்றைய ஓட்டக்காரருக்கோ பெரும்பாலும் கூட்டம் இல்லை. தனியாக ஓடுகிறார். அவரோடு ஓடுவது கைப்பேசியில் தெரியும் பிறருடைய தூரமும் நேரமும்தான். மதுரையில் இருக்கும் கல்லூரித் தோழன் இருபது கிலோமீட்டர் ஓடினான் என்று திரையில் பார்த்தவுடன், ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவருக்கு மனம் நிலைகொள்வதில்லை.

வேலை எடுத்துக்கொள்ளும் நேரம்

நம் ஊர்களில் முதல் வேலை என்றால் என்ன? ராஜபாளையத்தில் முதல் நூற்பாலை 1936-இல் தொடங்கப்பட்டது. அன்று முதல் மில் சங்கு சொன்னபடிதான் இந்த ஊர் எழுந்ததும் உறங்கியதும். இன்றும் நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகளிலும் ஏராளமான இளையோர் வேலை செய்கிறார்கள். மில்லில் மூன்று ஷிப்ட். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பல இடங்களில் சனிக்கிழமையும் வேலை. வங்கி ஊழியருக்கு மாதத்தில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. கொரோனா காலத்துக்குப்பின் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் சிலருக்கு மதியம் தொடங்கி நள்ளிரவில்தான் வேலை முடிகிறது. ஆகவே "காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடு" என்ற ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். சட்டப்படியான வேலை நேரம் 48. போக வர 10 மணி என்று வைப்போம். நாளுக்கு ஏழு மணி நேர உறக்கம் என்றால் 49. மீதி 61. சமையல், துணி, கடை, உறவினர் வீடு, திருப்பலி, பங்குக் கூட்டங்கள், அம்மாவோடு பத்து நிமிடப் பேச்சு, இவையெல்லாம் போக ஏழெட்டு மணி நேரம் மிஞ்சும். இது குறைவா? இல்லை. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதாவது இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கும் முதல் ஆண்டில் இதற்குமேல் தேவையில்லை.

நேரம் இருக்கிறது. ஆனால் சிதறிக் கிடக்கிறது. செவ்வாய் அரை மணி, வியாழன் முக்கால் மணி, சனி மாலை அரை மணி என்று பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வாரம் முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு ஞாயிறு ஒரே நாளில் நான்கு மணி நேரம் ஓடுகிறார்கள், அல்லது மலை ஏறுகிறார்கள். அல்லது உறக்கத்தில் கை வைக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் அப்படியே சைக்கிளை எடுப்பவர்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுவது எவ்வளவு ஆபத்தோ அதே ஆபத்து இதிலும் இருக்கிறது. இரவு ஷிப்ட் வாரத்தில் நடைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஓட்டத்தைப் பகல் ஷிப்ட் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் விடுப்பு குறைவு. அதை ஓட்டப் போட்டிகளுக்கே செலவழித்துவிட்டால், வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் இல்லை என்னும்போது கேட்க வழியிருக்காது. ஆண்டுக்கு ஒரு போட்டி என்று முடிவுசெய்து, அந்தத் தேதியை மேற்பார்வையாளரிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லி, உடன் வேலை செய்பவரோடு ஷிப்டை மாற்றிக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. திங்கட்கிழமை காலை போன் செய்து "கால் வலி, வர முடியாது" என்று சொல்பவர்மீதுதான் அலுவலகத்தில் கோபம் வருகிறது.

உடலுக்கும் ஒரு காலம் உண்டு

ஓடத் தொடங்கிய ஐந்தாறு வாரங்களில் மூச்சு வாங்குவது குறையும். இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடுகின்றன. அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களும் எலும்பும் அவ்வளவு விரைவாகப் பழகுவதில்லை. அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு "இன்னும் ஓடு" என்கிறது, கணுக்கால் "வேண்டாம்" என்கிறது. கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கம் வலிப்பது, காலையில் எழுந்ததும் குதிகால் ஊன்ற முடியாமல் இருப்பது இவையெல்லாம் அந்த எச்சரிக்கைகள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியோடு ஓடினால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்து, மூன்று மாதம் வேலைக்கே நொண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நாள் முழுவதும் தறிக்கு முன்போ வகுப்பறையிலோ நின்று வேலை செய்பவருக்கு இது சிறு செய்தி அல்ல.

எந்த வேகத்தில் ஓடுவது? கடிகாரம் வேண்டியதில்லை. ஓடும்போது மங்கள வார்த்தை செபத்தை மூச்சு முட்டாமல் முழுவதும் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் சரியான வேகம். பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பேச்சுச் சோதனை என்று சொல்வது இதைத்தான். வாரத்தில் பெரும்பாலான ஓட்டங்கள் இந்த வேகத்திலேயே இருக்கலாம். ஐந்து கிலோமீட்டரை இப்படி ஓடப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். 42 கிலோமீட்டர் மாரத்தானை முதல் ஆண்டில் நினைக்காமல் இருப்பது நல்லது.

வெயில் நம் ஊருக்கே உரிய சிக்கல். மார்ச் முதல் ஜூன் வரை காலை எட்டு மணிக்கே தரை சுடுகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் வேலை செய்து பழகிய உடல் வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் வரை ஆகும். அதுவும் நாள்தோறும் சிறிது நேரம் வெளியில் பயிற்சி செய்தால்தான். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் தடுமாற்றம் வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து உடலைத் தண்ணீரால் நனைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று நினைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தண்ணீர் மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. வியர்வையோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீர்மோர், கம்பங்கூழ் இவற்றை மிஞ்சிய பானத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு வருத்தமாக இருந்தாலும், பையில் போட்டுக்கொள்ளப் பால்கோவாவைவிடக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான் ஏற்றது.

மில்லில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருப்பது அதன் தொடக்க அடையாளம். ஞாயிறு நீண்ட தூரம் ஓடியவர் திங்களன்று வரும் அந்த இறுக்கத்தை "நேற்று ஓடிய களைப்பு" என்று தள்ளிவிடக்கூடும். ஓடாத வாரத்திலும் திங்களன்று அதே இறுக்கம் வந்தால், அது ஓட்டத்தால் வந்தது அல்ல. உடனே மருத்துவரிடம் மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நீச்சலைப் பற்றியும் ஒரு வரி. கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, பிறகு காலி பிளாஸ்டிக் கேன் கட்டி, ஒரு கோடை விடுமுறை முழுவதும் குதித்துக் குதித்துத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் நீந்தக் கற்றார்கள். இருபத்து நான்கு வயதில் கற்க விரும்புபவருக்கும் அதே அளவு நாள் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய கண்மாய் அதற்கான இடம் அல்ல. கரம்பை மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

காட்டின் நாள்காட்டி

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மேற்கே பார்த்தால் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. இவ்வளவு அருகில் மலை இருக்கும்போது ஏற ஆசை வருவது இயல்பு. ஆனால் அது யாரும் எப்போதும் போய்வரும் பொது இடம் அல்ல. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம் இது; பரப்பளவு ஏறக்குறைய 1,016 சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, கரடி, காட்டுமாடு எல்லாம் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். அபராதம் கட்டினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள், வழக்கு ஒன்று பதிவானால் அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் என்ன கேட்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வார இறுதி மலையேற்றத்துக்கு வந்திருந்த இரண்டு குழுக்கள் அதில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிலர் அன்றே மலையில் இறந்தார்கள்; மற்றவர்கள் மதுரையிலும் பிற ஊர்களிலும் மருத்துவமனைகளில் பல நாள் தவித்து இறந்தார்கள். பலரும் இருபது, முப்பது வயதுகளில் இருந்தவர்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், அண்மையில் திருமணமானவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான்.

இறந்தவர்கள்மீது குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. அந்த நாளில் நடந்ததைப் புரிந்துகொள்வது நோக்கம். மார்ச் மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். காற்று வீசினால் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாகச் சரிவில் மேலே ஏறும். இதை அறிந்த உள்ளூர் மக்கள் அந்தப் பருவத்தில் மலைக்குப் போவதைத் தவிர்ப்பார்கள். ஆனால் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு எந்த வார இறுதியில் விடுமுறை கிடைக்கிறதோ அதுதான் மலையேற்றத்தின் நாள். விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நாள் குறிக்கும் ஒவ்வொரு மலையேற்றத்திலும் இந்த இடர் ஒளிந்திருக்கிறது.

நெருப்பு மட்டுமல்ல. 2015 மே மாதம் சதுரகிரி மலைப்பாதையில் தாணிப்பாறை அருகே திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அடிவாரத்தில் வெயில் காயும்போதே மேலே மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்துவிடும். அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துப் பழகிய ராஜபாளையத்துப் பெரியவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வரத் தொடங்கினால் அவர்கள் உடனே கரையேறிவிடுவார்கள்.

குரங்கணிக்குப்பின் 2018-இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை "டிரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையவழி முன்பதிவோடு திறந்தது. நம் விருதுநகர் மாவட்டத்தில் செண்பகத்தோப்புப் பகுதியும் அதில் இடம்பெற்றது. காட்டை அறிந்த உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக உடன் அனுப்புவது இத்திட்டத்தின் சிறப்பு. கட்டணம் அதிகம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஆனால் வழிகாட்டி "இன்று வேண்டாம், காற்று சரியில்லை" என்று சொன்னால் திரும்பிவிடும் மனம் இருப்பவருக்கு அந்தப் பணம் வீண் அல்ல. 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, காட்டுத்தீக் காலம் என்பதால் இந்தப் பாதைகள் மூடப்பட்டன. மூடியிருக்கும் அந்த இரண்டு மாதமும் வீணாக வேண்டியதில்லை. மாடிப்படி ஏறி இறங்குவது, முதுகில் ஐந்து கிலோ சுமையோடு காலையில் நடப்பது போன்ற பயிற்சிகளுக்கு அதுவே தக்க காலம்.

ஜப்பானிய மொழி ஆசிரியை ஒருவர்

வேலையையும் மலையையும் ஒருசேரப் பார்த்த ஒருவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். தமிழகத்திலிருந்து அந்த உச்சியைத் தொட்ட முதல் பெண் அவர். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியை, பிள்ளைகளுக்குத் தாய். சிறுவயது முதல் மலையில் வளர்ந்தவர் அல்ல. வேலையும் குடும்பமும் அமைந்தபின்பு, சிறு குன்றுகளில் கயிறு கட்டி இறங்குவதில் தொடங்கி, படிப்படியாகப் போனவர். தமிழக அரசும் நிதி உதவி செய்தது.

அவருடைய எவரெஸ்ட் பயணத்தின் நாள்களைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் புறப்பட்டவர் மே கடைசியில்தான் உச்சியை அடைந்தார். 8,849 மீட்டர் உயரத்தில் பிராணவாயு மிகக் குறைவு. உடல் அதற்குப் பழக, ஒரு முகாமுக்கு ஏறி, மீண்டும் கீழே இறங்கி, மறுபடி ஏறி என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எவ்வளவு துணிவு இருந்தாலும், எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த வாரங்களைக் குறைக்க முடியாது. இப்படிப்பட்ட பயணத்துக்கு வேலையில் இரண்டு மாத விடுப்பு வேண்டும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். செய்தித்தாளில் உச்சியில் கொடி பிடித்த படம் வருகிறது. வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவர் படம் வருவதில்லை.

ஞாயிறும் திருப்பலியும்

நீண்ட ஓட்டம், சைக்கிள் பயணம், மலையேற்றம் எல்லாம் ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. பெருநகரங்களில் மாரத்தான் போட்டிகளும் பெரும்பாலும் ஞாயிறு விடியலில்தான். நம் பங்குகளில் திருப்பலியும் அதே நேரம். பெற்றோரின் வருத்தத்துக்கு இதுவே முதல் காரணம். பிள்ளை ஓடுவதைப்பற்றி அவர்களுக்கு மறுப்பில்லை. கோயிலில் அவன் இடம் காலியாக இருப்பதுதான் உறுத்துகிறது. திருச்சபைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஞாயிறு அன்றோ அதற்கு முந்தைய நாள் மாலையிலோ திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறுகிறது என்று 1248-ஆம் சட்ட எண் கூறுகிறது. சனி மாலைத் திருப்பலி எந்தப் பங்கில் உண்டு, ஞாயிறு மாலையில் எங்கே உண்டு என்று கேட்டு வைத்துக்கொள்வது கடினமான வேலை அல்ல. போட்டி நாளில் மட்டும் இப்படிச் செய்து, மற்ற வாரங்களில் நீண்ட ஓட்டத்தைத் திருப்பலிக்குப் பிறகான மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மலையும் திருப்பலியும் எதிரிகள் அல்ல என்பதற்குத் திருச்சபையில் சான்றுகள் பல. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இளங்குருவாக இருந்தபோது, 1889-இல் மோன்தே ரோசா மலையைக் கடினமான கிழக்கு முகம் வழியாக ஏறியவர். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த பியர் ஜார்ஜோ பிரசாத்தி, இத்தாலியின் தூரின் நகரத்து இளைஞர்; சுரங்கப் பொறியியல் மாணவர்; மலையேற்றக் கழக உறுப்பினர். நம் பங்குகளில் நமக்குத் தெரிந்த வின்சென்ட் தே பவுல் சபையிலும் உறுப்பினராக இருந்து ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றவர். 1925 ஜூலை 4-ஆம் நாள், தம் 24-ஆவது வயதில், இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அவர் படிப்பில் பின்தங்கியிருந்தார். இறக்கும்போதும் இரண்டு தேர்வுகள் பாக்கி. மலை, ஏழைகள், படிப்பு மூன்றையும் ஏற்றவருக்குப் படிப்பு நீண்டுபோயிற்று. அவர் அதை விட்டுவிடவும் இல்லை, மற்ற இரண்டையும் கைவிடவும் இல்லை. புனிதருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான் இருந்தது என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

சாலையும் பணமும்

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர், போய்வந்தால் 24. தொடக்கப் பயிற்சிக்குப் பொருத்தமான தூரம். ஆனால் இது திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவிலும் விடியலிலும்தான் அதிகம். ஆகவே வத்திராயிருப்பு, பிளவக்கல் அணைப் பக்கம் போகும் சாலைகள் மேல். அங்கே லாரி குறைவு. தென்னையும் வயலும் நிழலும் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் நடத்தப்படுகின்றன. பின்விளக்கும் ஒளிரும் மேலாடையும் இல்லாதவரை அவற்றில் இரவில் ஓட்ட விடுவதில்லை. நம் சாலையில் விடியலுக்கு முன் ஓட்டுபவர்களும் அதே விதியைத் தமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுபவர்களுக்குத் தெருநாய் இன்னொரு தொல்லை. அதனாலும், பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும், மூன்று பேராவது சேர்ந்து போவது நல்லது. பங்கு இளையோர் இயக்கம் கூட்டங்களுக்கு ஆள் வரவில்லை என்று கவலைப்படுவதை விட்டு, விடியலில் நான்கு பெண்பிள்ளைகள் சேர்ந்து ஓட ஒரு குழு அமைத்துத் தரலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் சம்பளம் வந்த மாதமே கியர் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்குவது அவசரம். முப்பது, நாற்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிள் ஆறு மாதத்தில் வீட்டு வாசலில் துணி காயப்போடும் கம்பியாக மாறியதை நாம் பல வீடுகளில் பார்க்கிறோம். வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளில் மூன்று மாதம் தவறாமல் போன பிறகு புதியதை நினைக்கலாம். ஓட்டக் காலணி மட்டும் தொடக்கத்திலேயே வாங்கத் தக்க செலவு.

இந்த ஆண்டு தொடங்க நினைக்கும் இளையோருக்கு வேளாங்கண்ணிப் பாதயாத்திரையையே முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ராஜபாளையத்திலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கும் மேல். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு அவ்வளவு விடுப்பு யாரும் தரமாட்டார்கள். ஆனால் யாத்திரைக் குழுக்கள் தஞ்சாவூரைக் கடக்கும்போது அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர், மூன்று நாள் நடை. ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் திருவிழா. ஏப்ரலில் வாரம் மூன்று நாள் நடக்கத் தொடங்கி, ஜூலைக்குள் ஒரே நாளில் 20 கிலோமீட்டர் நடக்கப் பழகி, ஜூன் மாதத்திலேயே மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். எந்தக் குழு எந்த நாள் தஞ்சாவூரில் தங்கும் என்பதை உங்கள் பங்கிலிருந்து ஆண்டுதோறும் நடப்பவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கொப்புளத்துக்கு எந்த எண்ணெய் தடவுவது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.